லாரியில் வந்த மலை உச்சி

ஊரில் அவளுக்குப் பெயர் கேசட். பட்டனைத் தட்டிவிட்டால் ஒரே சீராக ஓடும். நடுவில் தும்மல் வந்தால் தும்மிவிட்டு, விட்ட எழுத்திலிருந்து மறுபடி தொடங்கும். சின்னப் பிள்ளைகள் மரியாதைக்குக் கேசட்டக்கா என்பார்கள்.

செம்புச் சுரங்கத்தின் காட்சிக்கூடத்தில் அவள் வழிகாட்டி. பழைய கம்பெனிக்காரர்கள் சீட்டாடிப் பொழுதைக் கழித்த கிளப் கட்டடம்தான் இப்போது காட்சிக்கூடம். வருகிறவர்களுக்கு நான்கு அறைகளையும் சுற்றிக்காட்டி, கடைசியில் பின்பக்க மேடைக்குக் கூட்டிப்போய், கம்பியைப் பிடித்தபடி கீழே கிடக்கும் பெரும்பள்ளத்தைப் பார்க்கவைத்து, டீக்கடை எந்தப் பக்கம் என்று சொல்லி அனுப்பிவைக்க வேண்டும். பள்ளத்தில் பச்சைப் பசேலென்று தண்ணீர் நின்றது. மீன் கிடையாது, பாசி கிடையாது. அதன்மேல் பறக்கும் கொக்குகூட வாயை இறுக மூடிக்கொண்டுதான் பறக்கும் என்று ஊரில் சொல்வார்கள்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. ஒரே ஒரு சங்கடம், முதலாளி மாறும்போதெல்லாம் சரித்திரமும் மாறியது.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய கம்பெனியின் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. கடல் தாண்டி வந்த அந்தக் கம்பெனியைத் தொடங்கியவரை ஊரில் தாடிக்காரர் என்பார்கள். அவர் ஊர்த் தலைவருக்கு ஒரு குடை கொடுத்து, மாற்றாக மலையை எழுதி வாங்கினாராம். அந்தக் குடை இரண்டாவது அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. 'தாடிக்காரர் தம் சொந்தக் குடையையே அன்பளிப்பாகத் தந்தார். நெகிழ்ந்துபோன தலைவர் மலையைத் தந்தார்' என்று அவள் மனப்பாடம் செய்தாள். அப்போது வயது கம்மி. சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கும்.

பிறகு அரசாங்கம் சுரங்கத்தைத் தன் கையில் எடுத்தது. கொடியேற்றினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள், புதுப் பாடமும் கொடுத்தார்கள். 'ஓட்டைக் குடையைக் கொடுத்து ஒரு மலையையே விழுங்கிய கொள்ளைக் கூட்டம்!' கொள்ளை என்ற இடத்தில் குரலை உயர்த்தி, ஒரு மூச்சு நிறுத்த வேண்டும் என்று காட்சிக்கூடக் கண்காணிப்பாளர் அவளுக்குப் பயிற்சியே கொடுத்தார். அவளும் நிறுத்தினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆனால் தோண்டியது நாம் என்றாலும் செம்புக்கு விலை வைத்தது பழைய கம்பெனிக்காரர்கள்தான்; இயந்திரத்துக்கு ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும், அந்தத் திருகாணிக்கும் அவர்களே விலை வைத்தார்கள். இதெல்லாம் பாடத்தில் இல்லை. டீக்கடையில் மட்டும் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அரசாங்கம் கடனில் கழுத்துவரை மூழ்கி, வேறொரு திசையிலிருந்து வந்த வேறொரு வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சுரங்கத்தைக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டது.

புதுக் கம்பெனி வந்த வாரமே குடைக்கு அடியில் இருந்த பலகை மாறியது. 'இப்பகுதியின் முதல் அந்நிய முதலீடு.'

"அந்தக் குடையை ஒரு நாள் துடைக்கறப்ப விரிச்சுப் பாத்தேன் அண்ணி," என்றாள் அவளுடைய நாத்தனார். "உள்ள முழுக்க ஓட்டை. அன்பளிப்புன்னு பிடிச்சாலும் சரி, கொள்ளைன்னு பிடிச்சாலும் சரி, முதலீடுன்னு பிடிச்சாலும் சரி, நனையத்தான் செய்வோம்."

நாத்தனார் காட்சிக்கூட வாசலில் டிக்கெட் கொடுப்பவள். புருஷனை ஏதோ ஒரு துறைமுகத்தில் விட்டுவிட்டு, 'அவரே வழி விசாரிச்சு வரட்டும்' என்று அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அவர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். வாய் நீளம், மனசு அகலம். கேசட்டுக்கும் அவளுக்கும் வீட்டில் ஆயிரம் சண்டை வரும். காட்சிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் இருவரும் ஒரே கட்சி.

இப்படியிருக்கையில் ஒருநாள் காலை கண்காணிப்பாளர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். பயந்த மனிதர். தொலைபேசி அடித்தாலே எழுந்து நின்றுதான் எடுப்பார்.

"வர்ற வாரம் பெரிய ஆளுங்க வர்றாங்க," என்றார். "மந்திரி, புதுக் கம்பெனி மேலாளர், அப்புறம் பழைய கம்பெனியிலேருந்து தாடிக்காரரோட பேரன். மூணு பேரும் சேர்ந்து ஒப்பந்தம் போடறாங்க. தண்ணிய இறைச்சிட்டுப் பள்ளத்த இன்னும் ஆழமா, இன்னும் அகலமாத் தோண்டப் போறாங்களாம். கையெழுத்துக்கு முன்னாடி காட்சிக்கூடத்தப் பாக்கணுமாம்."

"பாக்கட்டும் சார். நல்லாச் சுத்திக்காட்டறேன்."

"என்னத்தச் சொல்லிச் சுத்திக்காட்டுவ?"

அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது.

"அன்பளிப்புன்னு சொல்லட்டுமா?"

"மந்திரி கோவிச்சுக்குவாரு."

"கொள்ளைன்னா?"

"ஐயோ! பேரன் பக்கத்துலயே நிப்பாரும்மா!"

"அப்ப முதலீடு?"

"முதலீடுன்னா லாபத்துல பங்கு எங்கன்னு பேரன் கேட்டு வெச்சா? மேலாளர் என்னைத் தொலைச்சிடுவாரு."

இருவரும் குடைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்கள். கண்காணிப்பாளர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தியவர். அது அன்றைக்குக் கைகொடுத்தது. சட்டென்று அவர் முகம் தெளிந்தது.

"எழுவாய எடுத்துடு," என்றார்.

"என்னத்த எடுக்கணும் சார்?"

"யார் செஞ்சான்னே சொல்லாத. எல்லாம் தானா நடந்த மாதிரி சொல்லு. 'மலையத் தோண்டினாங்க'ன்னு சொல்லாத. 'மலை குறைந்தது'ன்னு சொல்லு. 'செம்பக் கொண்டுபோனாங்க'ன்னு சொல்லாத. 'செம்பு கப்பலேறியது'ன்னு சொல்லு. 'ஜனங்கள விரட்டினாங்க'ன்னு வேண்டாம். 'குடியிருப்புகள் இடம்பெயர்ந்தன.' எப்படி?"

வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவள் ஒப்பித்துப் பார்த்தாள். லாரி ஓட்டுநரான புருஷன் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப செம்பு தானா நடந்துபோய்க் கப்பல்ல ஏறிச்சா?"

"ஆமா."

"டிக்கெட் எடுத்துச்சா?" என்றாள் நாத்தனார் உள்ளறையிலிருந்து. தொழில் புத்தி.

கேசட் இரண்டு பேரையும் முறைத்தாள். அவசரமாக எழுந்த புருஷனின் கால் தட்டி டீ டம்ளர் சுக்குநூறானது. அவன் அசரவில்லை. "டம்ளர் குறைந்தது," என்றான் பவ்யமாக. அவள் துடைப்பத்தைத் தேடுவதற்குள் ஆளும் இடம்பெயர்ந்துவிட்டான்.

பெரிய மனிதர்கள் வந்த அன்று எல்லாமே முதலில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. மந்திரிக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது. கைக்குட்டைக்காரர் ஒருவர் அவர் பின்னாலேயே வந்தார். மேலாளர் உள்ளூர் ஆள்தான், ஆனால் போட்டிருந்த கோட்டு வெளிநாட்டுக் கோட்டு என்பதால் வேலை முடியும்வரை கையை மடக்க முடியாமல் நின்றார். தாடிக்காரரின் பேரனுக்குத் தாடி இல்லை. கைத்தடி ஊன்றிய மெலிந்த கிழவர். கேசட் வணக்கம் சொன்னபோது குனிந்து பதில் வணக்கம் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவருக்குப் பக்கத்தில் டை கட்டிய மொழிபெயர்ப்பாளர், மேலாளரின் கண்ணைப் பார்த்துப் பார்த்து வாயைத் திறந்தார்.

முதல் அறையில் மலை குறைந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்றாவது அறையில் வரிசையாகக் கூலியாட்கள் நிற்கும் பழைய புகைப்படத்தின் முன்னால், "இவர்கள் இங்கே நின்றார்கள்," என்றாள். அதற்கும் தலையாட்டினார்கள். குடையின் பலகையைக் கண்காணிப்பாளர் முதல் நாளே மாற்றியிருந்தார். அதில் 'குடை' என்று மட்டும் எழுதியிருந்தது. "இது ஒரு குடை," என்றாள் கேசட். மூவரும் குனிந்து பார்த்து, ஆகா, குடைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்பந்தமே கையெழுத்தான மாதிரி கண்காணிப்பாளர் பெருமூச்சு விட்டார்.

கடைசியில் பின்பக்க மேடை. கீழே பச்சைத் தண்ணீர் சலனமில்லாமல் கிடந்தது. மந்திரி அதைப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மேலாளர் எங்கே எந்த இயந்திரம் வரும் என்று விரலால் காட்டினார். கிழவர் மட்டும் கீழே பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், முழுதாக ஒரு சுற்றுத் திரும்பிக் கட்டடத்தின் கூரைக்கு மேலே பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார்.

"மலை எங்கேன்னு கேக்கறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர். "அவங்க வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேல பெரிய ஓவியம் ஒண்ணு மாட்டியிருக்காம். அவங்க தாத்தாவோட மலை. சின்ன வயசுலேருந்து அதப் பாத்துக்கிட்டே சாப்பிட்டாராம். சாகறதுக்குள்ள நேர்ல பாத்துடணும்னு இத்தன தூரம் வந்திருக்கார்."

கண்காணிப்பாளர், சொல்லு என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார்.

"மலை குறைந்தது," என்றாள் கேசட்.

கிழவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு இன்னொரு கேள்வி கேட்டார்.

"குறைஞ்சு எங்கே போச்சுன்னு கேக்கறார்."

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் பதிவாகியிருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அதைக் கேட்டதில்லை. மண்டைக்குள் மூன்று பாடமும் ஒரே நேரத்தில் ஓடி, ஒன்றோடொன்று சிக்கி, நாடா அறுந்தது. கிழவரின் முகத்தைப் பார்த்தாள். தொலைந்துபோன பொருளைப் பற்றி வீட்டுக்காரம்மாவிடம் விசாரிக்கிற முகம். அவளும் அப்படியே, வீட்டில் பதில் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டாள்.

"உங்க வீட்டுக்குத்தாங்க போச்சு."

கண்காணிப்பாளர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் மேலாளரைப் பார்த்தார். மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. சரி, பூசி மெழுகிவிடலாம் என்று மொழிபெயர்ப்பாளர் ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கையை விரித்தார், வானத்தைக் காட்டினார், நெஞ்சைத் தொட்டார், புன்னகைத்தார். அவர் முடித்ததும் கிழவர் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளருக்குக் காது சிவந்தது.

"என்ன சொல்றார்?" என்றாள் கேசட்.

"'அந்தம்மா சொன்னது இத்தனூண்டு. நீ சொல்றது இவ்ளோ நீளம். அவங்க சொன்னத மட்டும் சொல்லு'ங்கறார்."

வேறு வழியில்லாமல் சொன்னார். கிழவர் அசையாமல் நின்றார். வேலை போனால் போகிறது, இந்த வயதான மனிதர் இங்கேயே மயங்கி விழுந்துவிடக் கூடாதே என்று நாற்காலிக்காகத் திரும்பிப் பார்த்தாள்.

கிழவர் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு பேசத் தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் இந்த முறை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டுக் கூரை செம்புத் தகடு. குழாயெல்லாம் செம்பு. குளிக்கிற தொட்டி செம்பு. சமையலறையில் தொங்குகிற பாத்திரமெல்லாம் செம்பு. நான் இத்தனை வருஷமாக மலைக்குள்தான் குடியிருந்திருக்கிறேன், எனக்குத்தான் தெரியவில்லை. தோட்டத்தில் ஒரு பெரிய கல் கிடக்கிறது. மலையின் உச்சி அது. வெடி வைப்பதற்கு முன்னால் தாத்தா ஞாபகத்துக்காகப் பெயர்த்துக் கொண்டுவந்தது. அதன் தலையில் ஒரு குழி இருக்கும், குருவிகள் வந்து தண்ணீர் குடிக்கும்.

இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பு எங்கேயோ நின்றுபோயிருந்தது. "கூரையைப் பிரித்துத் தர என் மகன்கள் விடமாட்டார்கள். அந்தக் கல்லை உங்களுக்கு அனுப்புகிறேன்," என்றார் கேசட்டைப் பார்த்து.

எதற்கென்று தெரியாமலே மந்திரி கை தட்டினார். மந்திரி தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். அப்புறம் பக்கத்து அறைக்குப் போய், பிஸ்கட் சாப்பிட்டு, பள்ளத்தை இன்னும் ஆழமாக, இன்னும் அகலமாகத் தோண்ட மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். கிழவரும் போட்டார். மகன்கள் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.

கல் வருமென்று கேசட் நம்பவில்லை. பெரிய மனிதர்கள் சொல்வதையெல்லாம் நம்பினால் இந்த ஊருக்கு இதற்குள் மூன்று ஆஸ்பத்திரி வந்திருக்க வேண்டும். ஆனால் கிழவர் சொன்ன சொல் தவறாதவர். சில மாதங்கள் கழித்துத் துறைமுகத்திலிருந்து செய்தி வந்தது; கல்லைக் கொண்டுவரும் வேலை அவள் புருஷனுக்கே கிடைத்தது.

லாரி வந்த அன்று பாதி ஊர் காட்சிக்கூட வாசலில் கூடியிருந்தது. மலையை நேரில் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. உச்சியாவது வருகிறதே என்று வயசாளிகள் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கண்காணிப்பாளர் ஒரு மாலையை வைத்துக்கொண்டு, கல்லுக்குப் போடுவதா ஓட்டுநருக்குப் போடுவதா என்று குழம்பி நின்றார்.

முன்சக்கரம் வாசலைத் தாண்டியதும் மேலாளரின் கார் குறுக்கே வந்து நின்றது.

"ஒரு சின்ன விஷயம்," என்றார் மேலாளர், கையை மடக்க முடியாத அதே கோட்டில். "ஒப்பந்தப்படி, இந்த வேலிக்குள்ள இருக்கற செம்புக் கல்லு எதுவா இருந்தாலும் கம்பெனிக்குச் சொந்தம். காட்சிக்கூடமும் வேலிக்குள்ளதான் இருக்கு. அதனால கல்ல இறக்கினதும் நேரா அரவைக்கு அனுப்பணும். எனக்கும் வருத்தம்தான். சட்டம் அப்படி."

வயசாளிகள் லாரியை நெருங்கி வந்து நின்றார்கள்.

"சார், இது அன்பளிப்பா வந்த கல்லு," என்றாள் கேசட்.

"அன்பளிப்புதாம்மா. வேலிக்கு வெளிய இருக்கறவரைக்கும் அன்பளிப்பு. உள்ள வந்துட்டா கனிமம்."

"கப்பல்ல வந்த கல்லு எப்படி சார் நம்ம கனிமம் ஆகும்?"

"முதல்ல இங்கேருந்துதான போச்சு?"

ஒரு மலையைக் காணோம் என்று யாரும் கேட்காத ஊரில், அதன் நுனி திரும்பி வந்ததும் சொந்தக்காரர் முளைத்துவிட்டார். கோபத்தில் கண்ணில் நீர் முட்டியது. இந்த நேரத்தில் டிக்கெட் ஜன்னலிலிருந்து நாத்தனார் தலையை நீட்டினாள்.

"ஏன் சார், லாரியில எந்தப் பாதி வேலிக்குள்ள இருக்கு?"

மேலாளர் குனிந்து பார்த்தார். முன்சக்கரம் உள்ளே, பின்சக்கரம் வெளியே.

"முன்பாதி."

"கல்லு எங்க இருக்கு?"

"பின்னால."

"அண்ணே!" நாத்தனாரின் குரல் பள்ளம்வரை எதிரொலித்தது. "ரிவர்ஸ் எடு!"

புருஷன் அதற்காகவே பிறந்தவன்போல ரிவர்ஸ் எடுத்தான். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது; கண்காணிப்பாளர் பதற்றத்தில் மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். லாரி சாலையைக் கடந்து, எதிர்த் தெருவுக்குள் பின்பக்கமாகவே போய், அவர்கள் வீட்டு முற்றத்தில்தான் நின்றது.

இறக்கி, சாக்குகளைப் பிரித்துப் பார்த்தபோது எல்லோருக்கும் கொஞ்சம் சப்பென்று ஆனது. மலை உச்சி என்றால் மேகம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாமா? ஒரு பீரோவைப் படுக்கவைத்த அளவில், பச்சைக் கோடுகள் ஓடும் பழுப்புக் கல். தலைக்குழியில் வெளிநாட்டுக் குருவிகளின் எச்சம் காய்ந்திருந்தது.

ஊர் கலைந்த பிறகு கேசட் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றாள். தன் வாழ்நாளெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்த ஒன்று இப்போதுதான் காலுக்கடியில் சொரசொரவென்று தட்டுப்பட்டது. மதில்மேல் இருந்த பூனையைத் தவிர உயரத்தில் வேறொன்றும் தெரியவில்லை. ஆனாலும் இறங்க மனம் வரவில்லை.

"இறங்குங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "அவ்ளோ உயரத்துல மூச்சு முட்டும்."

அதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். மழைக்காலம் முடிந்ததும் கம்பெனியின் அளவையாளர்கள் தெருவில் வந்து இறங்கினார்கள். பள்ளத்தை எந்தப் பக்கம் அகலப்படுத்துவது என்று பார்க்க வந்தவர்கள். கையில் குச்சி மாதிரி ஒரு கருவி. செம்பு இருக்கும் இடத்தில் கீச்சென்று கத்தும். தெரு முழுக்க வாயைத் திறக்காமல் வந்த கருவி, கேசட் வீட்டு முற்றத்தில் நுழைந்ததும் தொண்டை கிழியக் கத்தியது.

"அம்மா, உங்க வீட்டுக்கு அடியில நல்ல தரமான செம்பு இருக்கு," என்றார் அளவையாளர், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு. "இந்தத் தெருவ எடுத்துக்க வேண்டியிருக்கும். வேற இடம் குடுப்பாங்க."

"அடியில இல்லீங்க, மேல இருக்கு. அதோ, அந்தக் கல்லு!" என்று கேசட் பதறினாள்.

"கல்லு இருந்தா அடியிலயும் இருக்கும்மா. இது இந்த மண்ணோட கல்லு. பாத்தாலே தெரியுது."

புருஷன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். கேசட் நாத்தனாரைப் பார்த்தாள். துணி அலசிக்கொண்டிருந்த நாத்தனார் கையை உதறிவிட்டு எழுந்து வந்தாள்.

"யார் சொன்னது இந்த மண்ணுன்னு? இது வெளிநாட்டுக் கல்லு. தாடிக்காரரோட பேரன் வீட்டுத் தோட்டத்துலேருந்து கப்பல்ல வந்தது. உங்க மேலாளருக்கே தெரியும், கேளுங்க."

அளவையாளர் அங்கேயே நின்று போன் போட்டார். மறுமுனையில் மேலாளர் தவித்திருக்க வேண்டும். உள்ளூர்க் கல் என்று சொன்னால், கண்ணெதிரே கம்பெனிச் சொத்தை ரிவர்ஸில் தப்பவிட்டதற்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும். அவர் குரல் வெளியேயும் கேட்டது.

"வெளிநாட்டுக் கல்லுதான்யா! வந்தத நானே பாத்தேன். கூட்டாளிக் கம்பெனி முதலாளி வீட்டுச் சொத்து. அதுல கை கிய்யி வெச்சுடாதீங்க. அது இருக்கற இடத்தையும் தொடாதீங்க!"

அளவையாளர் கல்லுக்கு லேசாகத் தலை வணங்கிவிட்டு, சுண்ணாம்புப் பொடியால் முற்றத்தைச் சுற்றி வட்டம் போட்டு, 'அந்நியச் சொத்து' என்று எழுதிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார். கேசட்டுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கொஞ்சம் சிரித்தாள், சிரிப்பு விக்கலாகி, விக்கல் நிற்கத் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் விடிந்ததும் கதவைத் தட்டியது பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா.

"அக்கா, உங்க முற்றத்த மட்டும் விட்டுட்டு மத்த தெருவத் தோண்டப் போறாங்களாம். அந்தக் கல்லுல ஒரு சில்லு தருவீங்களா? சின்னதாப் போதும். எங்க வாசல்லயும் போட்டு வெச்சுக்கறோம். எங்க வீட்டையும் தொடாம இருப்பாங்க இல்ல?"

கேசட் திகைத்தாள். அவளுக்குப் பின்னால் சலூன்காரர், அவருக்குப் பின்னால் சைக்கிள் கடைக்காரர், அதற்குப் பின்னால் தெருவே நின்றது. மலையில் கடைசியாக மிச்சமிருப்பதையும் உடைப்பதா? இதைச் செய்தால் தாடிக்காரருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு தையல்காரம்மாவின் இடுப்பில் தூங்கிவழிந்த குழந்தையைப் பார்த்தாள். இந்தத் தெருக்காரர்களின் அப்பா அம்மாக்களை ஏற்கெனவே ஒரு தடவை மூட்டை முடிச்சோடு எழுப்பிவிட்டிருக்கிறார்கள்.

"சுத்தியல எடுத்துட்டு வாங்க," என்றாள் புருஷனிடம். முதல் அடியை அவளே அடித்தாள். நாத்தனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வரிசையா வாங்க, வரிசையா! ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான்!" என்று கூட்டத்தைச் சமாளித்தாள்.

அடுத்த முறை கருவி வந்தபோது தெருவில் ஒவ்வொரு வாசலிலும் கத்தியது. ஒவ்வொரு வாசலிலும் வீட்டுக்காரர்கள் வெளியே வந்து, "வெளிநாட்டுக் கல்லுங்க," என்றார்கள். அளவையாளர் ஒவ்வொரு வாசலிலிருந்தும் மேலாளருக்குப் போன் போட்டார். மத்தியானத்துக்குள் மேலாளர் போனை அணைத்துவிட்டார். சாயங்காலம் வரைபடத்தைத் திருப்பிப் போட்டு, பள்ளத்தை மறுபக்கமாக அகலப்படுத்துவது என்று முடிவெடுத்தார்கள். மறுபக்கம் இருந்தது கம்பெனியின் புல்வெளி, டென்னிஸ் மைதானம், அதற்கு அடுத்தாற்போல் மேலாளரின் பங்களா.

பங்களாவைக் காலி செய்ய நாள் குறித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலாளர் தெருவுக்குள் நடந்தே வந்தார். கோட்டு இல்லாமல் பார்க்க மனிதர் பாவமாக இருந்தார். கேசட் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார், மிச்சமிருந்த கல்லின்மேல் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தெருவுல வாடகைக்கு வீடு ஏதாவது இருக்குமா?" என்று கேட்டார், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"தெருக்கோடி வீடு காலியாத்தான் இருக்கு," என்றாள் கேசட். "ஓடு ஒழுகும், பரவாயில்லையா?"

"பரவாயில்ல." அவர் தயங்கினார். "அந்த வீட்டுக்குக் கல்லு உண்டா?"

நாத்தனார் சீப்பைக் கொண்டையில் செருகிக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"இருங்க சார், சுத்தியல் எங்கன்னு பாத்துட்டு வரேன்," என்றாள்.